பெரிய கல்லூரிக்கு ஆசைப்படலாமா?

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு அளித்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வோர் ஏழைத் தகப்பனாரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

உத்தரப்பிரதேசத்தில் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தகப்பனார் தினக் கூலி. அந்த மாணவர் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறினார். தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படிக்க இடமும் கிடைத்தது. இடத்தை உறுதி செய்துகொள்ள 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி நாள் ஜூன் 24. மாலை 5 மணிக்குள் கட்டியாக வேண்டும். அங்கே இங்கே கேட்டுப் பணத்தைப் புரட்டியபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிவு செய்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இடம் போயிற்று.

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுதலாம். அந்த மாணவருக்கு அது இரண்டாவது முறை. மறுபடி எழுதவும் வழியில்லை. அவர் கமிஷனுக்கு மனுப் போட்டார். ஜார்க்கண்டில் சட்ட உதவி கேட்டார். அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை ஐகோர்ட்டின் கதவையும் தட்டினார். கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தார். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள், அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, வேறு எந்த மாணவரின் இடத்துக்கும் பாதகம் இல்லாமல் கூடுதலாக ஓர் இடத்தை உண்டாக்கி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டனர்.

இப்படி நடந்தது இது முதல் முறை அன்று. 2021-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த இன்னொரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர், கட்டணம் செலுத்தும்போது கார்டு வேலை செய்யாமல் இடத்தை இழந்தார். மும்பை ஐகோர்ட் மனுவைத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பிறகே பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி.யின் வாயில் அவருக்குத் திறந்தது.

இரண்டு வழக்கிலும் மாணவனுக்கு அறிவுக் குறைவு இல்லை. மார்க் குறைவும் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வைத் தாண்டி வந்தவனை, ஒரு தேதியும் சில ஆயிரம் ரூபாயும் தடுத்து நிறுத்தின. "நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பெரிய கல்லூரியெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆசைப்படுவதற்குப் பிள்ளைக்குத் தகுதி உண்டா என்பது ஒரு கேள்வி. அந்த ஆசை போய்ச் சேர வேண்டிய வழியைக் குடும்பம் அறிந்திருக்கிறதா என்பது மற்றொரு கேள்வி. நம் வீடுகளில் முதல் கேள்வியைப் பற்றியே பேசுகிறோம். இரண்டாவது கேள்வியை நினைப்பதே இல்லை.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவே

பிழைப்புக்காக ஊர் மாறி வந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி கூடுதல் முக்கியம். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை? சட்டத்தின் பதில் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு எளிதாக இல்லை.

மகாராஷ்டிரத்தில் மாநில அரசின் மருத்துவக் கல்லூரி இடங்களைக் கேட்க வேண்டுமானால், 10-ஆம் வகுப்பையும் 12-ஆம் வகுப்பையும் இந்த மாநிலத்தில் தேறியிருக்க வேண்டும். 'டொமிசைல்' சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு 15 ஆண்டுகள் இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். வாடகைச் சீட்டு இல்லாத குடிசையில், வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தவர்களுக்கு ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழுமே துணை. அவையும் பழைய முகவரியில் இருக்கும்.

இட ஒதுக்கீடு கேட்பவர்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்ற சலுகை பெற, 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியில் குடும்பம் இந்த மாநிலத்தில் குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். பிற பிற்பட்ட வகுப்பினருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. அதன் பிறகு ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்திருந்தாலும் 'வந்தேறியவர்கள்' கணக்குத்தான்.

இது ஏதோ ஒரு குமாஸ்தா சொந்தமாக உண்டாக்கிய விதி அன்று. 1990-இல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்ச் தீர்த்துவைத்த விஷயம். அந்த வழக்கே மும்பையில் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதுதான். ஆந்திரத்திலிருந்து தகப்பனார் உத்தியோகத்துக்காக இங்கே வந்தார். மகன் சிறு வயது முதல் இங்கேயே படித்தான். ஆந்திரத்தில் பழங்குடி என்று பெற்ற சான்றிதழைக் காட்டி இங்கே இடம் கேட்டான். ஒரு மாநிலத்தில் தரப்பட்ட பட்டியல் சலுகை, அந்த மாநிலத்தோடு சம்பந்தப்பட்டது. இடம் பெயர்ந்தவரோடு கூடவே அதுவும் பெயர்ந்து வராது என்று கோர்ட் கூறிவிட்டது. இன்றுவரை அதுவே சட்டம்.

சரி, தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போய்க் கேட்கலாமா? பொறியியல் கல்லூரிகளுக்குக் கேட்கலாம். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், 'நேட்டிவிட்டி' சான்றிதழோடு விண்ணப்பிக்க அங்கே இடமுண்டு. ஆனால் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அது 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே உரியது. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, ஏழ்மையில் அவர்களுக்குச் சளைத்தவன் அல்லன் என்றாலும், அந்தக் கணக்கில் வரமாட்டான்.

ஆகவே நம் பிள்ளைகள் இரண்டு மாநிலங்களுக்கும் பாதிப் பாதி சொந்தமானவர்கள். எந்த மாநிலத்துக்கும் முழுச் சொந்தம் இல்லாதவர்கள்.

ஊர் கேட்காத கதவு

இந்த நிலையில்தான் மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களை நாம் புதிய கண்ணோடு பார்க்க வேண்டும். அவை பெயருக்காகவும் பெருமைக்காகவும் மட்டும் நாடப்படுபவை என்று எண்ணுவது சரியன்று. ஊர் எது என்று கேட்காமல் திறக்கும் கதவு அவற்றிலேதான் பெரும்பாலும் இருக்கிறது.

ஐ.ஐ.டி.களில் சொந்த மாநில ஒதுக்கீடு கிடையாது. 1951-இல் கரக்பூரில் முதலாவது தொடங்கியது. 1958-இல் மும்பை, 1959-இல் சென்னை என்று வளர்ந்தது. எந்த மாநிலத்து மாணவரும் எந்த ஐ.ஐ.டி.யையும் கேட்கலாம். டில்லிப் பல்கலைக்கழகமும் அப்படியே. அங்கே இந்துக் கல்லூரி, மிராண்டா ஹவுஸ், ஸ்ரீராம் வணிகக் கல்லூரி போன்றவற்றில் சேர டில்லியில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் டில்லி மாநில அரசின் பல்கலைக்கழகங்கள் வேறு. அங்கே 85 சதவீத இடம் டில்லியில் படித்தவர்களுக்கே. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என்.ஐ.டி.களில் பாதி இடம் சொந்த மாநிலத்தாருக்கு, பாதி இடம் மற்றவர்களுக்கு. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த மாநிலம் என்பது பூர்வீகம் அன்று. 12-ஆம் வகுப்பு எந்த மாநிலத்தில் தேறினாரோ அந்த மாநிலம். மும்பையில் 12-ஆம் வகுப்பு தேறிய திருநெல்வேலிக் குடும்பத்துப் பையனுக்குச் சொந்த மாநில என்.ஐ.டி. நாகபுரியில் இருக்கிறது. திருச்சியில் அவன் வெளிமாநிலத்தவன்.

மருத்துவத்தில், எல்லா மாநிலங்களின் அரசுக் கல்லூரிகளிலும் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்கு 'டொமிசைல்' வேண்டாம். 2021-22 கல்வி ஆண்டு முதல் இந்த இடங்களில் பிற்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீதம் உண்டு. சென்னை ஐகோர்ட்டில் தமிழ்நாடு நடத்திய வழக்குக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

2025 ஜனவரி 29-ஆம் தேதி வந்த இன்னொரு தீர்ப்பும் இங்கே குறிப்பிடத்தக்கது. மருத்துவ மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களை, அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு என்று ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நாட்டில் எங்கும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் உரிமை உண்டென்றால், எங்கும் படிக்க இடம் கேட்கும் உரிமையும் அதோடு சேர்ந்ததே என்பது அதன் சாரம். ஆனால் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஓரளவு குடியிருப்பு ஒதுக்கீடு இருக்கலாம் என்ற பழைய நிலை மாறவில்லை. கதவு ஒரு பக்கம் திறந்திருக்கிறது என்பதே சரியான கணக்கு.

மார்க் போய் நுழைவுத் தேர்வு வந்தது

டில்லிப் பல்கலைக்கழகம் 2021 வரை 12-ஆம் வகுப்பு மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தது. அந்த ஆண்டு சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு 100-க்கு 100 வாங்கியவர்களுக்கே முதல் பட்டியலில் இடம் என்று அறிவித்தார்கள். ஒரு போர்டில் தாராளமாக மார்க் போடுகிறார்கள், இன்னொரு போர்டில் கையைக் கட்டிக்கொண்டு போடுகிறார்கள் என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. கேரள போர்டு மாணவர்கள் அந்த ஆண்டு பெருமளவில் இடம் பிடித்ததைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது.

2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஒரே பொது நுழைவுத் தேர்வு வந்தது. கியூட் என்று அழைக்கிறார்கள். முதலாண்டிலேயே கம்ப்யூட்டர் கோளாறால் பல மையங்களில் தேர்வைத் தள்ளிவைக்க நேர்ந்தது. 2022 ஏப்ரல் 11-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை இந்தத் தேர்வைக் கைவிடக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்ட தேர்வு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களைப் பின்னுக்குத் தள்ளும். பள்ளிப் படிப்பின் மதிப்பைக் குறைத்துப் பயிற்சி நிலையங்களை வளர்க்கும் என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தேர்வை நடத்தும் தேசிய ஏஜென்சியின் மீதே 2024-இல் நீட் வினாத்தாள் கசிந்த விவகாரத்தில் நாட்டின் நம்பிக்கை ஆடிப்போயிற்று. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் ராதாகிருஷ்ணன் தலைமையில் சீர்திருத்தக் குழு அமைக்க வேண்டிய நிலை வந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 98 சதவீதம் எடுத்த பிள்ளைக்கும் அந்நாளில் டில்லியில் நல்ல கல்லூரி நிச்சயமில்லை. மகாராஷ்டிர போர்டில் 85 சதவீதம் எடுத்த பிள்ளை அங்கே விண்ணப்பம் போடக்கூட யோசித்திருக்கும். இன்று அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். தமிழையே மொழிப் பாடமாகவும் எடுக்கலாம். அரசியல் கட்சிகள் இந்தத் தேர்வு வேண்டும், வேண்டாம் என்று வாதாடட்டும். அது நியாயமான வாதம். ஆனால் இந்த ஆண்டு 12-ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

இந்தத் தேர்வில் இரண்டு விஷயங்களை 11-ஆம் வகுப்பிலேயே கவனிக்க வேண்டும். முதலாவது, டில்லிப் பல்கலைக்கழகம் 12-ஆம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. பொருளாதாரம் ஹானர்ஸ் படிக்கக் கணிதத் தேர்வு எழுதியாக வேண்டும். 11-ஆம் வகுப்பில் சுலபம் என்று கணிதத்தை விட்டவர், இரண்டு ஆண்டு கழித்து அந்தப் படிப்பைக் கேட்க முடியாது. பிள்ளை டில்லியைப் பற்றி நினைக்கத் தொடங்குவதற்கு முன்பே டில்லியின் கதவு மூடிப்போகிறது. இரண்டாவது, மாநில போர்டுப் புத்தகத்தோடு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் படிக்க வேண்டும். அதை வாங்கப் பெரும் பணம் தேவையில்லை. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

காகிதமே பாதி பரீட்சை

மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு மத்தியப் பட்டியலின்படி நடக்கிறது. இங்கே மகாராஷ்டிரத்தின் 1950, 1967 தேதிகள் குறுக்கே வரமாட்டா. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை, மும்பையில் படித்திருந்தாலும், ஐ.ஐ.டி.யிலோ டில்லிப் பல்கலைக்கழகத்திலோ அந்த ஒதுக்கீட்டைக் கேட்கலாம். மாநிலக் கல்லூரியில் இல்லாமற்போன உரிமை மத்தியக் கல்லூரியில் உயிரோடு இருக்கிறது. இதை அறியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடம் இழக்கும் பிள்ளைகள் உண்டு.

ஆனால் அந்த உரிமை காகிதத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மூலம் தகப்பனாரின் சாதிச் சான்றிதழ். அது பிறந்த ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கியதாக இருக்கும். பல தகப்பனார்களிடம் அதுவே இல்லை. வேலைக்கு வந்தபோது யாரும் கேட்கவில்லை என்பதால் வாங்கவில்லை. பிள்ளை 9-ஆம் வகுப்பில் இருக்கும்போதே, பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகும் லீவில் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். அட்மிஷன் நடக்கும் ஜூன் மாதத்தில் நெல்லைக்கும் மும்பைக்கும் ஓடி இதைச் செய்து முடிக்க முடியாது.

பிற்பட்ட வகுப்பினர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று தரும் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குச் செல்லாது. மத்தியப் பட்டியலில் சாதியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். 'கிரீமி லேயர்' இல்லை என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. சேர்க்கைக்கு அந்தச் சான்றிதழ் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். போன ஆண்டுச் சான்றிதழை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

'கிரீமி லேயர்' வருமான வரம்பு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். இந்த எண்ணைக் கேட்டதும் ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் வேலை செய்யும் நம்மவர் பலர் பயந்துவிடுகிறார்கள். அரசாங்கத்தில் மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களின் சம்பளம் இந்த வருமானக் கணக்கில் சேராது. இது 1993-ஆம் ஆண்டு உத்தரவு முதலே இருக்கும் விஷயம். குமாஸ்தாவின் பிள்ளைக்குச் சம்பளத்தைக் காரணம் காட்டிச் சான்றிதழ் மறுத்தால், அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பிறப்புச் சான்றிதழ், ஆதார், 10-ஆம் வகுப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் வழக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து 'இனிஷியல்'. இங்குள்ள பள்ளியில் தகப்பனார் பெயரை நடுவிலும், ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ கடைசியிலும் எழுதிவிடுகிறார்கள். ஒரே பிள்ளை மூன்று காகிதத்தில் மூன்று பேராக நிற்கிறான். 10-ஆம் வகுப்புப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும்போதே சரி செய்தால் ஒரு நாள் வேலை. பிறகு சரி செய்தால் ஒரு வருஷ வேலை.

பணம் எவ்வளவு, எப்போது?

ஐ.ஐ.டி.யில் பி.டெக். படிப்புக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தத் தொகையைக் கேட்டவுடன் மில் தொழிலாளியும் இட்லிக் கடைக்காரரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதே உத்தரவின் அடுத்த பாதியைப் படிப்பதில்லை. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. எந்தச் சாதியாக இருந்தாலும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் குறைவென்றால் முழுத் தள்ளுபடி. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, சாப்பாட்டுச் செலவு தனி.

2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை பிரதமர் வித்யாலட்சுமி கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பட்டியலில் உள்ள உயர்ந்த நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு, சொத்து ஈடும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் தர வேண்டும் என்பது திட்டம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சொந்த வீடோ நிலமோ இல்லாத நம்மவர்களுக்கு இது பொருத்தமான திட்டம். ஆனால் கடன் கடனே. திருப்பிக் கட்டப் போவது பிள்ளை என்பதை வாங்கும்போதே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் பெரிய பணத்தைப் பற்றியவை. முசாபர்நகர் மாணவர் விழுந்தது சின்னப் பணத்தில். இடத்தை உறுதி செய்யும் தொகை சில நாட்களுக்குள், குறிப்பிட்ட மணிக்குள், கம்ப்யூட்டர் மூலம் கட்டப்பட வேண்டும். கட்டணத் தள்ளுபடியும் கடனும் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே 12-ஆம் வகுப்புப் பரீட்சை முடியும்போதே அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து, அந்தத் தொகையை வங்கிக் கணக்கில் தனியாக வைத்துவிட வேண்டும். சீட்டுக் கட்டுகிறவர்கள் அந்த மாதத்துக்கு முன்னே சீட்டை எடுத்துக்கொள்வது நல்லது. கடைசி நாள் வரை காத்திராமல் முதல் நாளே கட்ட வேண்டும்.

ஆசைக்கு எல்லை உண்டா?

இத்தனையும் சொன்ன பிறகு, ஆசையின் அளவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2024-இல் ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740. முதல் கட்டத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். சுமார் 80 பேரில் ஒருவருக்கு இடம். டில்லிப் பல்கலைக்கழகத்தில் சுமார் 71 ஆயிரம் இடங்கள் உண்டு. அந்த ஆண்டு கியூட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். அவர்கள் எல்லாருமே டில்லியைக் கேட்டவர்கள் அல்லர் என்றாலும் போட்டியின் அளவு இதிலிருந்து விளங்கும்.

இந்தக் கணக்கை மறைத்து ஆசை மூட்டுவதுதான் பயிற்சி நிலையங்களின் வியாபாரம். ராஜஸ்தானில் கோட்டா நகரம் அந்த வியாபாரத்தின் தலைநகரம். அங்கே பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் 16 வயது நிரம்பாதவர்களைப் பயிற்சி நிலையங்களில் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே மாணவர் தற்கொலைகளை ஆராய ஒரு தேசியக் குழுவை அமைத்தது. கல்லூரியில் இடம் கிடைத்த பிறகும், மொழி தெரியாமல், துணை இல்லாமல், சாதியைக் கேட்கும் கேள்விகளுக்கு நடுவே குன்றிப்போகும் பிள்ளைகள் உண்டு. வெளியூரில் பிழைக்கும் கஷ்டம் இன்னதென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளையை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல் வாரம் ஒரு முறையாவது பேச வேண்டும். "மார்க் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "சாப்பாடு எப்படி, சிநேகிதர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்க வேண்டும்.

ஆசை யாருடையது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பக்கத்து வீட்டுப் பையன் பவாய்க்குப் போனான் என்பதற்காகப் பொருளாதாரம் படிக்க ஆசைப்படும் பெண்ணை இயந்திரங்களுக்கு நடுவே தள்ளுவது நியாயமன்று. ஒரே ஒரு கல்லூரியின் பெயரை வைத்துக்கொண்டு, அது கிடைக்காவிட்டால் உலகம் முடிந்தது என்று பேசும் வீட்டில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். பட்டியலில் குறைந்தது மூன்று வரிகள் இருக்கட்டும். முதலாவது, எட்டிப் பிடிக்க வேண்டிய இடம். இரண்டாவது, பெரும்பாலும் கிடைக்கக்கூடிய இடம். மூன்றாவது, வீட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் உள்ள நல்ல கல்லூரி. மூன்றாவது வரியில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் மாதுங்காவிலும் முலுண்டிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சர்க்கார் செய்ய வேண்டியது, சங்கங்கள் செய்ய வேண்டியது

கோர்ட் தயவில் இரண்டு மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. கோர்ட்டுக்குப் போக வக்கீலும் தைரியமும் இல்லாதவர்கள் எத்தனை பேர் பேசாமல் ஊர் திரும்பினார்கள்? முழுக் கட்டணத் தள்ளுபடிக்கு உரிய மாணவரிடம் இடத்தை உறுதி செய்ய ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்பதே முரண்பாடு. அத்தகையவர்களுக்கு அந்தத் தொகையைப் பின்னால் கட்ட அவகாசம் தரலாம். கட்டண நேரம் முடியும் தறுவாயில் கம்ப்யூட்டரில் நுழைந்தவருக்கு ஒரு நாள் சலுகை தரலாம். இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டியதில்லை. சேர்க்கை விதியில் நான்கு வரிகள் சேர்த்தால் போதும். ஓர் ஏழை மாணவனின் எதிர்காலம் ஐந்து நிமிஷத் தாமதத்தில் முடிந்துபோகும் ஏற்பாட்டை எந்த நிர்வாகமும் திறமை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இடம் பெயர்ந்தவர்களின் சாதிச் சான்றிதழ் விஷயத்தில், பூர்வீக மாநிலத் தாசில்தாரும் குடியிருக்கும் மாநிலத் தாசில்தாரும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டும் நிலையையும் மாற்ற வேண்டும். தகப்பனாரின் சான்றிதழை வைத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் தர மத்திய அரசின் பழைய உத்தரவுகள் இடம் கொடுக்கின்றன. அலுவலகங்களில் அதை அமல் செய்யச் சொல்லித் தமிழ்நாடு அரசும் மகாராஷ்டிர அரசும் உட்கார்ந்து பேசலாம்.

நம் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும், வேண்டியவைதான். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை 9-ஆம் வகுப்புப் பெற்றோர்களுக்காக ஒதுக்கினால் என்ன? எந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு சொல்லலாம். சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து விண்ணப்பம் நிரப்ப உதவலாம். இடம் கிடைத்தும் முன்பணம் இல்லாத பிள்ளைக்கு மூன்று மாதக் கைமாற்றாகத் தர 50 ஆயிரம் ரூபாய் நிதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முசாபர்நகர் கிராமத்தில் அப்படி ஒரு நிதி இருந்திருந்தால் அந்தக் குடும்பம் டில்லி வரை வழக்குக்கு அலைந்திருக்க வேண்டியதில்லை.

பெரிய கல்லூரிக்கு ஆசைப்படலாமா என்றால், தாராளமாக ஆசைப்படலாம். மொழி தெரியாத ஊருக்கு ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு ஆசைப்படும் உரிமை இல்லாவிட்டால் வேறு யாருக்கு உண்டு? பரீட்சையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். காகிதம், தேதி, முன்பணம் ஆகிய மூன்றையும் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.